மேடையில் பியானோ வாசிக்கும்போது மறந்துபோனால்: திரும்பி வரும் வழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்வது எப்படி

பொதுமேடையில் நான் முதன்முதலாகத் தனியாக வாசித்தது பாம்பனுக்கு அருகே நடந்த ஓர் ஆண்டுவிழாவில். வாசித்தது பீத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய அந்தப் பீஸ் அன்று ஐந்து நிமிடத்துக்கும் மேலாக ஓடியது. அதன் முதற்பகுதி ஈ, சி, பி, ஏ என்ற சுரங்களின் ஒரே இறக்கத்தில்தான் திரும்பத் திரும்ப வந்து அமரும். அந்த ஏ-யைத் தொட்டபிறகு மீண்டும் தொடக்கத்துக்குப் போவதா, பி, சி, டி என்று ஏறி நடுவரிகளுக்குச் செல்வதா, எஃப் மேஜரில் அமைந்த இரண்டாம் பகுதிக்குள் நுழைவதா, இடக்கை ஒரே ஏ சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் மூன்றாம் பகுதிக்குத் திரும்புவதா என்பது, இதற்குமுன் எத்தனை முறை அங்கே வந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கை நான் தவறவிட்டேன். விரல்கள் ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்கே போயின. வெளியேறும் வழி தெரியாத நான் அவற்றின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். ஒருவழியாக ஏ மைனர் கார்டை (கார்டு என்பது ஒருசேர ஒலிக்கும் சில சுரங்களின் தொகுப்பு) அழுத்திப் பிடித்து முடித்துவிட்டு, முகம் வியர்த்துக் கீழே இறங்கியபோது, முன்வரிசையில் இருந்த மீனவப் பெரியவர் ஒருவர், “நல்லாத்தான் தம்பி வாசிச்ச. கொஞ்சம் நீளமாப் போச்சு, அவ்வளவுதான்” என்றார்.

நான் மறந்துபோனதை அவர் கவனிக்கவில்லை. தாளம் நிற்காததும், கடைசிக் கார்டு சரியாக விழுந்ததுமே அதற்குக் காரணம் என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. மறக்காமலிருப்பதற்காக நூறு முறை பயிற்சி செய்திருந்த நான், மறந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒருமுறைகூடப் பயிற்சி செய்ததில்லை. இந்தக் கரையில் கீபோர்டும் பியானோவும் கற்றுக்கொடுத்து வரும் இத்தனை காலத்தில், மேடையில் கலங்கிப்போன பிள்ளைகள் அனைவரிடமும் நான் கண்டது இதே குறையைத்தான்.

மறதி எங்கிருந்து வருகிறது

ஒரு பீஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது முதலில் பழகுவது விரல்கள்தான். ஓர் அசைவு அடுத்த அசைவைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்டும். சங்கிலியைப் போலக் கண்ணி கண்ணியாக ஓடும் இந்த நினைவு வேகமானது, வசதியானது. ஆனால் ஒரு கண்ணி அறுந்தால், எஞ்சிய கண்ணிகளை எட்டிப் பிடிக்க விரல்களுக்குத் தெரியாது. தலைக்கண்ணிக்குத்தான் திரும்பி ஓடும். “டீச்சர், முதல்ல இருந்து வாசிச்சா வந்துரும்” என்று பிள்ளைகள் சொல்வதன் பொருள் இதுதான். வீட்டில் முதலிலிருந்து வாசிக்கலாம். மேடையில் அது முடியாது.

மேடையில் இந்தச் சங்கிலி அறுவதற்குப் பெரும்பாலும் பதற்றமே காரணம். இதயம் வேகமாக அடிக்கும்போது நாம் அறியாமலே வேகத்தைக் கூட்டிவிடுகிறோம். கை குளிர்ந்து போகிறது. வழக்கமாகக் கவனிக்காத விரலை அன்றைக்கென்று உற்றுக் கவனிக்கத் தொடங்குகிறோம். தானாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, ‘அடுத்தது எந்தச் சுரம்?’ என்று பாதிவழியில் நிறுத்திக் கேட்டால் விரல்களிடம் பதில் இருப்பதில்லை. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய இன்னொரு நினைவு மூளையில் இருக்க வேண்டும்: எந்தக் கார்டில் நிற்கிறோம், அடுத்து எந்த ஸ்கேலுக்கு (சுரவரிசைக்கு) போகிறோம், இது முதல் வருகையா இரண்டாம் வருகையா என்று பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நினைவு.

மனப்பாடமாக வாசிப்பது கட்டாயம் என்ற எண்ணமே பியானோ வரலாற்றில் புதிது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1830-களில் கிளாரா வீக்கும் (பின்னாளில் கிளாரா ஷூமன்) ஃபிரான்ஸ் லிஸ்ட்டும் இசைத்தாளில்லாமல் மேடையேறியபோது, அதை அகந்தை என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் கலைஞர்களுள் ஒருவரான ரிக்டர், பிற்காலத்தில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கின் ஒளியில் இசைத்தாளைப் பார்த்தே வாசித்தார். நம் பிள்ளைகள் எழுதும் டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் ஆகிய பிரிட்டன் இசை அமைப்புகளின் கிரேடு தேர்வுகளிலும் பீஸ்களைப் பார்த்து வாசிக்கலாம். ஸ்கேல்களை மட்டுமே பார்க்காமல் வாசிக்க வேண்டும். இது தெரியாமல் பிள்ளைகளை வாட்டும் பெற்றோர் பலரைச் சந்தித்திருக்கிறேன்.

அடையாளங்களை நடுதல்

ஜிபிஎஸ் கருவி வருவதற்கு முன், கடலில் இருப்பவர்கள் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அறிந்துகொண்டார்கள். பியானோவிலும் அத்தகைய அடையாளங்கள் வேண்டும். ஒரு பீஸை எடுத்துக்கொண்டு, இசைத்தொடர் தொடங்கும் இடங்களில், ஏறக்குறைய நான்கு பார்களுக்கு (இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அளவு ஒரு பார்) ஒன்று முதல் எட்டுப் பார்களுக்கு ஒன்று வரை, பென்சிலால் 1, 2, 3 என்று எண்ணிடுங்கள். பத்து முதல் பதினைந்து எண்கள் வந்தால் போதும். ஒவ்வோர் எண்ணிலும் இரு கைகளின் முதல் சுரத்தையும், எந்த விரல் என்பதையும், அங்கே ஒலிக்கும் கார்டையும் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். “ஏழாவது எண்: இடக்கை சுண்டுவிரல் ஜி, வலக்கை கட்டைவிரல் பி, ஜி மேஜர்” என்று சொல்ல முடியாத எண் இன்னும் அடையாளமாகவில்லை என்று கொள்க.

பிறகு கடைசி எண்ணிலிருந்து தொடங்கி முடிவுவரை வாசியுங்கள். அடுத்து அதற்கு முந்தைய எண்ணிலிருந்து. இப்படியே பின்னோக்கி வாருங்கள். முன்னிருந்து பின்னாகவே பழகியவர்களுக்குப் பீஸின் முதற்பக்கம் தேனாகவும் கடைசிப் பக்கம் மணலாகவும் இருக்கும். பின்னிருந்து வந்தவர்களோ, போகப்போக நன்கு தெரிந்த இடத்தை நோக்கி நடக்கிறார்கள்.

இதற்கடுத்து நான் செய்யச் சொல்வது சீட்டுக்குலுக்கல். எண்களைச் சிறு சீட்டுகளில் எழுதி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி, வருகிற எண்ணிலிருந்து உடனே வாசிக்க வேண்டும். ‘உடனே’ என்றால், சீட்டைப் பிரித்து மூன்று எண்ணுவதற்குள் கை கட்டைகளில் இருக்க வேண்டும். தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. ஒருபடி மேலே போய், வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் நடுவில் “ஒன்பது!” என்று குரல்கொடுக்க, தாளத்தை நிறுத்தாமல் ஒன்பதாம் எண்ணுக்குத் தாவுங்கள். முதல் நாள் அலங்கோலமாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்தில், மறந்துபோனால் முன்னே தாவுவது ஒரு பழக்கமாகிவிடும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஆய்வின் ஆதாரமும் உண்டு. உளவியலாளர் ரோஜர் சாஃபின், கேப்ரியேலா இம்ரே என்ற பியானோ கலைஞர், பாக் என்ற இசையமைப்பாளரின் ‘இத்தாலிய கான்செர்ட்டோ’வின் மூன்றாம் பகுதியை மனப்பாடம் செய்த பயிற்சி முழுவதையும் பதிவுசெய்து ஆராய்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப்பின் அதை நினைவிலிருந்து தாளில் எழுதியபோது, இம்ரேவுக்குப் பகுதிகளின் தொடக்கங்கள் நன்கு நினைவிலிருந்தன. பகுதிக்குள் செல்லச் செல்ல நினைவு மங்கியது.

கவை பிரியும் இடங்கள்

எண்ணிடும்போது இசையின் அமைப்பையும் பாருங்கள். ஏனெனில் மறதி கண்ட இடத்தில் வருவதில்லை. ஒரே மாதிரித் தொடங்கி வேறு வேறாகப் பிரியும் கவைகளில்தான் பதுங்கியிருக்கிறது. மோட்சார்ட்டின் சி மேஜர் சொனாட்டாவை (அவர் படைப்புகளின் பட்டியலில் கே. 545), நம் மாணவர்கள் பலர் வாசிக்கிறார்கள். அதன் முதற்பகுதியில் இரண்டாம் கருப்பொருள் முதலில் ஜி மேஜரில் வருகிறது. பின்பாதியில் அதுவே சி மேஜரில் வர வேண்டும். போதாக்குறைக்கு, பின்பாதியில் முதற்கருப்பொருள் வழக்கத்துக்கு மாறாக எஃப் மேஜரில் திரும்பி வருகிறது. கவை தெரியாமல் விரல்போக்கில் போகிறவர், பின்பாதியில் ஜி மேஜருக்குள் நுழைந்து, முன்பாதியின் முடிவிலேயே போய் நிற்பார். இத்தகைய இரட்டை இடங்களை ஒன்றன்பின் ஒன்றாக, இடையிலுள்ளதை விட்டுவிட்டு, முதலில் இங்கே, உடனே அங்கே என்று பத்து முறை மாற்றி மாற்றி வாசித்து, எந்தச் சுரத்தில் வழி பிரிகிறது என்று விரல்வைத்துச் சொல்லப் பழகுங்கள். இசைத்தாளில் அந்த ஒரே சுரத்தைச் சுற்றி வட்டமிடுங்கள். பார் முழுவதையும் சுற்றிவிட்டால் பயனில்லை.

இன்னொரு வகைப் பொறி, கவையே இல்லாதது போல் தோன்றும் பீஸ்களில் இருக்கிறது. பாகின் சி மேஜர் பிரெலூட் (பாக் படைப்புகளின் பட்டியலில் பிடபிள்யூவி 846) 35 பார்கள் கொண்டது. அவற்றுள் முதல் 32 பார்களில் ஒரே கோலம் பாருக்கு இருமுறை வருகிறது, மாறுவது கார்டு மட்டுமே. இதை விரலால் மட்டும் கற்றவருக்கு நடுவில் நிற்க ஓர் இடமும் இல்லை. எனவே முதலில் அதை உடைக்காமல், ஒவ்வொரு பாரையும் ஒரே கார்டாகச் சேர்த்து அழுத்தி, 32 கார்டுகளாக வாசியுங்கள். பிறகு இடக்கையின் அடிச்சுரங்களை மட்டும் பாடுங்கள். 24ஆவது பாரிலிருந்து 31 வரை எட்டுப் பார்களுக்கு அடிச்சுரம் ஜி-யிலேயே நங்கூரம் போட்டு நிற்க, மேலே உள்ளவை மட்டும் நகர்கின்றன. என் மாணவர்களில் பலர் தவறிய இடம் அதுதான். அந்த எட்டையும் ஒரு தனிப் பாடமாகக் கொள்ளுங்கள். (சில பழைய பதிப்புகளில் 22-க்கும் 23-க்கும் நடுவே பாக் எழுதாத ஒரு பார் கூடுதலாக இருக்கும். உங்கள் தாளில் 36 பார்கள் இருந்தால் எண்ணிக்கை ஒன்று தள்ளும், தவறு உங்களுடையதன்று.)

இடக்கையை மட்டும் தனியாக, தாளைப் பார்க்காமல் முழுவதும் வாசிக்க முடிகிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். நன்றாகத் தெரியும் என்று நினைத்த பீஸ் எவ்வளவு தெரியாது என்பதை இதைவிட விரைவாகக் காட்டும் சோதனையை நான் அறியேன்.

பியானோ இல்லாத நேரத்திலும் பயிற்சி நடக்கலாம். கார்ல் லைமர் என்ற ஆசிரியரும், அவருடைய மாணவர் வால்டர் கீசெகிங்கும், கட்டையைத் தொடுவதற்கு முன்பே தாளைப் படித்து மனத்துக்குள் முழுவதும் கேட்டுவிடும் முறையை வளர்த்தவர்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளிடம், பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக மனத்தில் வாசிக்கச் சொல்வேன். எங்கே மனத்துக்குள் கேட்பது நின்றுபோகிறதோ, அங்கேதான் மேடையிலும் நிற்கும். அப்போது மட்டும் தாளைத் திறந்து பார்க்கலாம்.

மின்வெட்டு எனக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சி ஒன்றும் உண்டு. டிஜிட்டல் பியானோவில் வாசித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஒலி செத்துவிடும், கட்டைகள் மட்டும் அசையும். ஒருநாள் ஒரு சிறுமி நிறுத்தாமல் அப்படியே வாசித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து, வாசிப்பவர் நிறுத்தாதிருக்க, இன்னொருவர் வால்யூமைச் சுழியத்துக்கு இறக்கி, பத்து விநாடி கழித்து ஏற்றுவதை ஒரு பயிற்சியாகவே வைத்திருக்கிறேன். ஒலி திரும்பும்போது காது எதிர்பார்த்த இடத்தில் கை இருந்தால் நினைவு உறுதியானது. ஆலயங்களில் கீபோர்டு வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் பல கீபோர்டுகள் டோனையும் டிரான்ஸ்போஸையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். முதல் கார்டை அழுத்துமுன் திரையைப் பார்த்துவிடுங்கள்.

கருவி, காற்று, ஆள்

நம் கரையில் உப்புக்காற்று கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும் என்பதால் கம்பிப் பியானோ உள்ள வீடுகள் அரிது. பெரும்பாலான பிள்ளைகள் 61 கட்டைகள் கொண்ட கீபோர்டில் பழகிவிட்டு, வெளியூர் மேடையில் 88 கட்டைப் பியானோவின் முன் அமர்கிறார்கள். அங்கே இடப்பக்கம் 15 கட்டைகளும் வலப்பக்கம் 12 கட்டைகளும் கூடுதலாக இருக்கும். கீபோர்டின் இடக்கோடியில் உள்ள சி-யைக் கண்ணால் பிடித்துப் பழகியவருக்கு, அந்தக் கோடி இப்போது நடுவழியில் இருக்கிறது. கட்டையின் கனமும் வேறு. மறதி என்று நாம் நினைக்கும் பலவும் உண்மையில் இந்தக் குழப்பம்தான். கோடியை நம்பாமல், இரட்டைக் கறுப்புக் கட்டை, மும்மைக் கறுப்புக் கட்டை ஆகியவற்றைக் கொண்டே இடத்தைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். இயன்றால் நிகழ்ச்சிக்கு முன் ஐந்து நிமிடமாவது அந்தக் கருவியில் ஸ்கேல் வாசியுங்கள்.

தாளை வைத்து வாசிக்க முடிவுசெய்தால், அதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த மேடையில் தாள் பறப்பது உறுதி. நகல்களைக் கெட்டியான அட்டையில் ஒட்டி, துணி கிளிப்பால் இருபுறமும் பிடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், மேடை விளக்கில் அது கண்ணாடியாகிவிடும்.

நிகழ்ச்சிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் குறைந்தது ஐந்து முறையாவது ஆட்கள் முன்னால், நிறுத்தாமல், ஒரே தடவை வாசியுங்கள். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். திண்ணையில் அமர்ந்து தேநீர் குடித்தபடி கேட்கும் சித்தப்பாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் விடச் சிறந்த ஒத்திகைச் சபை கிடைக்காது. யாரும் இல்லையென்றால் செல்போனில் பதிவு செய்யும் பொத்தானை அழுத்துங்கள். அது ஒன்றே கையை நடுங்கவைக்கப் போதும். நடுக்கத்துக்கு மாத்திரை உண்டாமே என்று கேட்பவர்களுக்கு: மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். இதற்காகப் பேசப்படும் புரொப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது.

அந்த நொடியில்

மறந்துவிட்டது. கை நிற்கப்போகிறது. அப்போது தேடிப் பிடிக்க வேண்டியது சுரத்தையன்று, தாளத்தை. இடக்கையோ வலக்கையோ, எது ஓடிக்கொண்டிருக்கிறதோ அதை ஓடவிடுங்கள். இரண்டுமே நின்றால், கடைசியாகத் தெரிந்த கார்டைப் பெடலோடு பிடித்து, மனத்துக்குள் தாளத்தை எண்ணி, அடுத்த அடையாள எண்ணின் முதல் சுரத்தில் இறங்குங்கள். பின்னோக்கிப் போகாதீர்கள். தவறிய இடத்துக்கே திரும்பி வந்தால் அதே பள்ளத்தில் இரண்டாம் முறையும் விழுவதற்கே வாய்ப்பு அதிகம். நான்கு பார்கள் விடுபட்டதை அறிந்தவர் அரங்கில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஃபியூகு போன்ற பல குரல் இசையில் மட்டும் இப்படித் தாவுவது கடினம். அதற்கு எண்களை இன்னும் நெருக்கமாக இட்டுக்கொள்ள வேண்டும். எல்லாம் கைவிட்டால், நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, ஓர் எண்ணிலிருந்து தொடங்குவதில் இழிவு ஏதுமில்லை. 1946இல் நியூயார்க்கில் பியானோ கலைஞர் ஆர்ட்டுர் ஷ்னாபெல் மோட்சார்ட்டின் ஏ மேஜர் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியில் வழிதவறி, இசைக்குழுவோடு சேர்ந்து நின்று, பிறகு மீண்டும் தொடர்ந்தார். அதன் ஒலிப்பதிவே இருக்கிறது. பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுமையாகப் பதிவுசெய்தவர் அவர்.

ஒரு சுரம் மட்டும் தவறாக விழுந்தால் அதைத் தொட்டுத் திருத்தவே கூடாது. தவறான சுரம் ஒரு பிழை. திருத்துவதற்காகத் தாளத்தை உடைப்பது இரண்டாம் பிழை, அதுதான் எல்லோர் காதிலும் விழும். 1965இல் பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப்பின் நியூயார்க்கின் கார்னகி அரங்குக்குத் திரும்பிய பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸ், முதல் பீஸின் தொடக்கத்திலேயே தவறான சுரங்களை வாசித்தார், நிற்கவில்லை. இன்னொரு பியானோ கலைஞரான கார்ட்டோவின் ஒலிப்பதிவுகளில் தவறுகள் மலிந்திருந்தும் இன்றும் அவற்றைத் தேடிக் கேட்கிறார்கள். முகத்தையும் பயிற்றுவியுங்கள்: உதட்டைக் கடிப்பது, தலையை ஆட்டுவது, ஆசிரியரைத் திரும்பிப் பார்ப்பது ஆகிய மூன்றும் தவறைச் சபைக்கு விளம்பரம் செய்கின்றன. ஒத்திகைப் பதிவை ஒலியில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். எங்கே தவறினீர்கள் என்று முகத்தை வைத்தே கண்டுபிடிக்க முடிந்தால், அது இன்னும் சரியாகவில்லை.

அன்று மாலை

நிகழ்ச்சி முடிந்து வீடு வந்த பிள்ளையிடம் “ஏன் மறந்த?” என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு விடை எந்தப் பிள்ளையிடமும் இல்லை. இசைத்தாளை எடுத்து, எந்தப் பாரில் என்று மட்டும் கேட்டு, தேதியோடு அங்கே ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த நிகழ்ச்சியிலும் அதே இடத்தில் புள்ளி விழுந்தால், அந்த இடம் சரியாகக் கற்கப்படவில்லை. தனிக்கையாக, கார்டுகளாக, முதலிலிருந்து கற்க வேண்டும். புள்ளி வேறிடத்தில் விழுந்தால் அது பதற்றம். பீஸை விட்டுவிட்டு ஒத்திகைகளைக் கூட்டினால் போதும். எப்படியாயினும், மறுநாள் காலையில் டம்ளரில் அந்த எண்ணுக்கு இன்னும் இரண்டு சீட்டுகளைச் சேர்த்துப் போடுங்கள்.